கோடிங் தெரியாமலே ஆபீஸ் வேலையைத் தானா ஓட வைக்கலாமா? 'நோ-கோடு' கருவிகள் எங்கே உதவும், எங்கே உதைக்கும்? முழு விளக்கம்

சனிக்கிழமை சாயங்காலம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸ். முந்திரி ஆலையை கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சம்பளம் வாங்க வரிசையில் நிற்கும் ஒரு பெண், கவரைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு கணக்கரிடம் கேட்கிறார்: "அண்ணாச்சி, புதன்கிழமை கணக்கு எனக்கு விட்டுப்போச்சே?"

கணக்கர் எக்செல் ஷீட்டைப் பார்க்கிறார். அதில் புதன்கிழமை 11 கிலோ என்று இருக்கிறது. எடை போட்டவரின் நோட்டில் 17 கிலோ. சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் போட்டோவில் 1-ஆ 7-ஆ என்றே தெரியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஒரே எண்ணை நாலு பேர் நாலு இடத்தில் எழுதியதால் வந்த வினை இது.

இது எந்த ஒரு ஆலையின் கதையும் இல்லை, விளக்கத்துக்காகச் சொல்லும் உதாரணம்தான். ஆனால் ஜவுளிக்கடை, தனியார் மருத்துவமனை, பள்ளிக்கூடம், லாட்ஜ், கூட்டுறவு சங்கம் என எங்கே வேலை பார்ப்பவருக்கும் இந்தக் காட்சி பழகியதாகத்தான் இருக்கும். ஒரு துறையின் நோட்டு இன்னொரு துறையின் கம்ப்யூட்டருக்குப் போகும் வழியில்தான் பாதி நேரமும் பாதி சண்டையும்.

இந்த இடைவெளியை, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் கொடுக்காமல், அந்த வேலை தெரிந்தவர்களே அடைக்க முடியும் என்று சொல்லி வந்திருப்பவைதான் 'நோ-கோடு' கருவிகள். அது எவ்வளவு தூரம் உண்மை? விரிவாகப் பார்க்கலாம்.

'நோ-கோடு'ன்னா என்ன?

வழக்கமாக ஒரு ஆப் அல்லது சாஃப்ட்வேர் செய்ய புரோகிராமர் கோடு எழுத வேண்டும். நோ-கோடு கருவியில் எழுத வேண்டியதில்லை. ஸ்க்ரீனில் இருக்கும் பெட்டிகளை இழுத்து வைத்து, பட்டியலில் இருந்து தேர்வு செய்து, "இது நடந்தா அதைச் செய்" என்று சொல்லிக் கொடுத்தால் போதும். கோடை அந்தக் கருவியே உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும்.

'லோ-கோடு' என்பது இதன் பக்கத்து வீடு. பெரும்பகுதி இழுத்து வைப்பதுதான், ஆனால் சில இடங்களில் நாலைந்து வரி எழுத வேண்டியிருக்கும். 2014-ல் ஃபாரெஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் இந்த 'லோ-கோடு' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

எப்படி வேலை செய்யுது?

இதைப் புரிந்துகொள்ள பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொண்டால் போதும். மழைக்காலத்தில் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் உபரி நீர் திறக்கப்படும், ஆற்றோர மக்களுக்கு எச்சரிக்கை போகும். ஒன்று நடந்தால், அதைத் தொடர்ந்து இன்னொன்று நடக்க வேண்டும் என்பது முன்பே முடிவு செய்யப்பட்ட விஷயம்.

நோ-கோடு ஆட்டோமேஷனும் இதே கணக்குதான். மூன்று பகுதி இருக்கும்.

டிரிக்கர்: வேலையைத் தொடங்கி வைக்கும் சம்பவம். ஒருவர் ஃபார்ம் நிரப்பினார், ஒரு மெயில் வந்தது, மணி 5 ஆனது, இப்படி.

கண்டிஷன்: எப்போது செய்ய வேண்டும், எப்போது கூடாது என்ற நிபந்தனை. தொகை 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் மேனேஜருக்குப் போகட்டும், கீழே என்றால் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போகட்டும் என்பது மாதிரி.

ஆக்‌ஷன்: கடைசியில் நடக்க வேண்டிய வேலை. ஷீட்டில் ஒரு வரி சேர்ப்பது, மெயில் அனுப்புவது, ரசீது அச்சடிப்பது.

எவ்வளவு பெரிய ஆட்டோமேஷனாக இருந்தாலும், பிரித்துப் பார்த்தால் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

இது புதுசா?

பேர்தான் புதுசு. 1979-ல் டேன் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இரண்டு அமெரிக்கர்கள் 'விசிகால்க்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். தனிநபர் கம்ப்யூட்டரில் ஓடிய முதல் ஸ்பிரெட்ஷீட் அது. கோடிங் தெரியாத கணக்கர், கட்டத்தில் எண்ணைப் போட்டால் மொத்தம் தானாக மாறியது. இன்றைக்கு நாம் எக்செல்லில் 'சம்' போடுவதும் ஒரு வகையில் நோ-கோடு வேலைதான்.

அடுத்த கட்டம், ஒரு ஆப்பில் நடப்பதை இன்னொரு ஆப்புக்குக் கொண்டுபோவது. 2010-ல் 'இஃப்ட்' வந்தது. 2011-ல் 'ஸேப்பியர்' தொடங்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் 'ஃப்ளோ' என்று கொண்டுவந்ததை 2019-ல் 'பவர் ஆட்டோமேட்' என்று பெயர் மாற்றியது. ஷீட்டில் இருந்து மொபைல் ஆப் செய்து தரும் 'ஆப்ஷீட்' நிறுவனத்தை 2020-ல் கூகுள் வாங்கியது.

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. இந்தக் கருவிகளில் சில நம் ஊரிலேயே தயாரானவை.

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் பெயர் மாறிய ஸோஹோ நிறுவனம், 2006-லேயே 'ஸோஹோ கிரியேட்டர்' என்ற கருவியை வெளியிட்டது. 'லோ-கோடு' என்ற சொல் பரவுவதற்கு எட்டு வருஷம் முன்பு. ஃபார்ம், பட்டியல், அனுமதி வரிசை எல்லாவற்றையும் இழுத்து வைத்தே செய்யலாம். கூடுதலாக வேண்டும் என்றால் 'டெலூஜ்' என்ற அவர்களது எளிய மொழியில் சில வரி எழுதலாம். இதே ஸோஹோ 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது பலருக்கும் தெரிந்த செய்தி.

சென்னையில் சுரேஷ் சம்பந்தம் தொடங்கிய ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் 2012-ல் 'கிஸ்ஃப்ளோ'வைக் கொண்டுவந்தது. லீவு விண்ணப்பம், கொள்முதல் அனுமதி, செலவுக் கணக்கு மாதிரி பல மேஜைகளைத் தாண்டிப் போகும் வேலைகளை அந்தந்தத் துறைக்காரர்களே வடிவமைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பின்னாளில் அந்தக் கருவியின் பெயரே நிறுவனத்தின் பெயரும் ஆனது.

அண்டி ஆபீஸில் இதை எப்படிச் செய்யலாம்?

மறுபடியும் நம் உதாரண ஆலைக்கு வருவோம். முந்திரி வேலையில் உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது என்று பிரிவுகள் உண்டு. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடைப்பது, உரிப்பது போன்ற வேலைகளுக்குக் கிலோ கணக்கில் கூலி தருவது வழக்கம். அதனால் நோட்டில் விழும் ஒவ்வொரு எண்ணும் ஒருவர் வீட்டு அரிசிக் காசு.

120 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 நாள். ஆக 720 எடைப் பதிவுகள். எடை நோட்டு, சூப்பர்வைசர் தாள், கணக்குப் பிரிவு எக்செல், சம்பளப் பட்டியல் என ஒவ்வொன்றும் 4 முறை எழுதப்படுகிறது. மொத்தம் 2,880 முறை. நூற்றுக்கு ஒன்று பிசகினால்கூட வாரத்துக்குக் கிட்டத்தட்ட 29 தவறு. சனிக்கிழமை சண்டை ஏன் ஓயவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

இப்போது நோ-கோடு வழியில் பார்க்கலாம்.

எடை போடுபவர் கையில் ஒரு மொபைல். அதில் ஒரு சின்ன ஃபார்ம். தொழிலாளி எண்ணைப் பட்டியலில் தொடுகிறார், வேலை வகையைத் தொடுகிறார், கிலோவை மட்டும் டைப் செய்கிறார். அது நேராக ஒரே ஷீட்டில் போய் விழுகிறது. இதற்கு மேல் அந்த எண்ணை யாரும் திரும்ப எழுதப் போவதில்லை.

அதன்மேல் நான்கு விதிகள்:

1. கிலோ வழக்கமான அளவைவிட மிக அதிகமாகவோ குறைவாகவோ இருந்தால், உடனே சூப்பர்வைசருக்குத் தகவல் போகட்டும். 17-க்குப் பதில் 170 என்று விழுந்தால் அந்த நிமிஷமே பிடிபடும்.

2. தினமும் சாயங்காலம் 5 மணிக்கு அன்றைய மொத்தம் கணக்குப் பிரிவுக்கு மெயிலாகப் போகட்டும்.

3. தரம் பிரித்த பருப்பு குறிப்பிட்ட டின் அளவைத் தொட்டதும் அனுப்புகைப் பிரிவுக்குத் தகவல் போகட்டும். உதாரணத்துக்கு 'டபிள்யூ 320' ரகத்தில் 50 டின் சேர்ந்ததும். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்குச் சுமார் 300 முதல் 320 முழுப் பருப்பு. ஒரு டின் 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ.

4. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் அந்த வாரக் கணக்குச் சீட்டு அச்சாகட்டும்.

நாலாவது விதிதான் முக்கியம். முதல் மூன்றும் நிர்வாகத்துக்கு வசதி. நாலாவது, எண்ணுக்கு உரியவரின் கையில் எண்ணைக் கொடுக்கிறது. தன் புதன்கிழமைக் கணக்கு சரியா என்று பார்க்க அவருக்கு ஒரு ராத்திரி அவகாசம் கிடைக்கிறது. அதனால் தவறு சம்பளக் கவருக்குள் போவதற்கு முன்பே திருந்திவிடும்.

துறைகளுக்கு நடுவேதான் சிக்கல்

ஒரு துறைக்குள் நடக்கும் வேலையை ஆட்டோமேஷன் செய்வது எளிது. இரண்டு துறைகளுக்கு நடுவே என்றால் முதல் தடையே மொழிதான். தமிழா ஆங்கிலமா என்ற பிரச்சினை இல்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

ஐவரி கோஸ்ட்டில் இருந்து வந்த பச்சை முந்திரிக்கொட்டையைக் கொள்முதல் பிரிவு 'லோடு' என்று லாரி நம்பரோடு எழுதும். ஆலைக்குள் அதற்கு 'லாட்'. கணக்குப் பிரிவில் அதே சரக்கு ஒரு பில் நம்பர். மூன்று பேரும் சொல்வது ஒரே மூட்டைகளைத்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதைப் பொறுத்தவரை அவை மூன்று வேறு சரக்கு.

அதனால் எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்னால் மூன்று துறைக்காரர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, "சரக்கு உள்ளே வரும்போதே ஒரு எண் போடுவோம், கடைசி டின் வெளியே போகும் வரை அதே எண்தான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தை எந்த ஆப்பும் செய்து தராது.

இன்னொன்று, பொறுப்பு. கொள்முதலில் இருந்து தகவல் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது? ஃபார்ம் தப்பாக நிரம்பினால் திருத்தும் உரிமை யாருக்கு? காகிதத்தில் வேலை நடந்தபோது இதெல்லாம் "அந்த அண்ணனைக் கேளு" என்று ஓடிவிடும். மெஷினிடம் கொடுக்கும்போது அந்த அண்ணன் யார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும்.

தமிழில் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

ஃபார்மைத் தமிழிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். நிரப்புபவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் கேள்வி வைத்தால் தவறான பதில்தான் வரும்.

ஆனால் பெயரை டைப் செய்ய விடக்கூடாது. முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, எம்.லட்சுமி மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், ஷீட்டுக்குத் தெரியாது. மேரி, செல்வி என்று ஒரே பெயரில் நாலைந்து பேரும் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு எண், அந்த எண்ணைத் தேர்வு செய்தால் பக்கத்தில் பெயர் தெரிய வேண்டும். பாதிக் குழப்பம் இதிலேயே தீரும்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இருக்கும் ஷீட்டுக்கு அது மார்ச் 4. அமைப்பில் நாட்டை 'இந்தியா' என்று மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சிக்னல் பிரச்சினையும் உண்டு. மேற்கு மலைப்பக்கம் ரப்பர் தோட்டங்களில் எல்லா இடத்திலும் நெட் கிடைக்காது. சாதாரண கூகுள் ஃபார்ம் நெட் இல்லாமல் பதிவை அனுப்பாது. ஆப்ஷீட் மாதிரி சில கருவிகள் பதிவை மொபைலிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். எந்த இடத்தில் வேலை நடக்கிறது என்று பார்த்துக் கருவியைத் தேர்வு செய்ய வேண்டும்.

எங்கே உதைக்கும்? இரண்டு சம்பவங்கள்

2020 அக்டோபர், இங்கிலாந்து. கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். ஆய்வகங்கள் அனுப்பிய பரிசோதனை முடிவுகளை, அந்நாட்டுப் பொது சுகாதார அமைப்பு தானாக எக்செல் கோப்புகளில் சேர்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் பயன்படுத்தியது பழைய வகை எக்செல் கோப்பு. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. கோப்பு நிறைந்ததும் மீதிப் பதிவுகள் சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது.

ஆட்டோமேஷன் நின்றுபோனால்கூட யாராவது கவனித்திருப்பார்கள். அது நிற்கவில்லை, அரைகுறையாக ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் ஆபத்து.

2021 ஆகஸ்ட். 'அப்கார்டு' என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் 'பவர் ஆப்ஸ்' லோ-கோடு கருவியில் செய்யப்பட்ட இணையப் பக்கங்கள் வழியாக, 47 நிறுவனங்கள் மற்றும் அரசு அமைப்புகளின் 3.8 கோடி பதிவுகள் வெளியார் பார்க்கும்படி திறந்து கிடந்தன. யாரும் உடைத்து உள்ளே போகவில்லை. யார் பார்க்கலாம் என்ற அமைப்பு சரியாகப் போடப்படவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு மைக்ரோசாஃப்ட் தன் ஆரம்ப அமைப்பையே மாற்றியது.

நம் ஊரிலும் "லிங்க் இருக்கும் எல்லாரும் பார்க்கலாம்" என்று ஷேர் செய்துவிட்டு மறந்துபோன ஷீட்டுகள் எத்தனையோ. அதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, போன் நம்பர் இருந்தால்? இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி வைத்திருக்கிறது.

ஒக்கி சொன்ன பாடம்

ஒரே பட்டியல் ஏன் முக்கியம் என்பதை கன்னியாகுமரி மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை எனக் கடற்கரை ஊர்களில் இருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பவில்லை. எத்தனை பேர் காணவில்லை என்பதில் அரசு சொன்ன எண்ணும், மீனவர் அமைப்புகளும் பங்குகளும் சொன்ன எண்ணும் பொருந்தவில்லை. நாளுக்கு நாள் எண்ணிக்கை மாறியது. சிலர் கேரளம், லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம் எனக் கரை ஒதுங்கியிருந்தார்கள். எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்ற விவரம் ஓரிடத்தில் இல்லை. வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு வாசலிலும் அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் கூகுள் ஷீட்டிலும் ஃபார்மிலும் உதவி கேட்பவர்கள், உதவி தருபவர்கள் விவரங்களைச் சேர்த்தார்கள். புரோகிராமர் இல்லாமலே சில மணி நேரத்தில் ஒரு பொதுப் பட்டியலைத் தொடங்க முடியும் என்று அது காட்டியது. அதே நேரத்தில் இன்னொன்றையும் காட்டியது. பதிவுகளைச் சரிபார்த்து, பழையதை நீக்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் நேற்றே மீட்கப்பட்டவர் வீட்டுக்கு இன்றைக்கும் படகு போகும்.

புயலில் ஒரு ஃபார்ம் யாரையும் கரைசேர்த்துவிடாது. ஆனால் படகு கிளம்பும்போதே ஆள் எண்ணும் பெயரும் ஒரே பட்டியலில் விழுந்து, மீன்வளத்துறை, வருவாய்த்துறை, கடலோரக் காவல், பங்கு எல்லாரும் அதே பட்டியலைப் பார்த்தால், "எத்தனை பேர்?" என்ற கேள்விக்காவது ஒரே பதில் இருக்கும். துறைகளைத் தாண்டிய ஆட்டோமேஷன் என்பதன் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது.

வேலை போயிடுமா?

பலரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ஒரே எண்ணை நாலு முறை எழுதும் வேலை குறையும் என்பது உண்மை. அதை மட்டுமே செய்துகொண்டிருந்தவருக்குப் பயம் வருவதும் இயல்பு.

ஆனால் அந்த ஆலையில் எந்தெந்த விதிவிலக்குகள் உண்டு என்று தெரிந்தவரும் அவர்தான். மழை நாளில் ஈரப்பதம் கூடினால் எடையை எப்படிக் கழிப்பது, பாதி நாளில் வீட்டுக்குப் போனவர் கணக்கை எப்படி எழுதுவது என்பதெல்லாம் வெளியில் இருந்து வரும் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தெரியாது. நோ-கோடு கருவியின் பலமே, வேலை தெரிந்தவரே அதை வடிவமைக்கலாம் என்பதுதான். அவரை ஓரங்கட்டிவிட்டு மேலிருந்து கொண்டுவந்தால், வெளியே ஆப் ஓடும், உள்ளே பழைய நோட்டும் ஓடும். வேலை இரண்டு மடங்காகும்.

அதனால் தொடங்கும்போதே நிர்வாகம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது: மிச்சமாகும் நேரத்தில் அவர் என்ன செய்யப் போகிறார், இந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளர் அவர்தானா, அதற்கு ஊதியத்தில் என்ன மாற்றம் என்று.

எதை மெஷினிடம் விடக்கூடாது?

கூலியைக் குறைப்பது, அபராதம் போடுவது, ஆளை நிறுத்துவது, பெரிய தொகையை வங்கியில் இருந்து அனுப்புவது. இவற்றில் கணக்கை மெஷின் போடலாம், 'சரி' என்ற பட்டனை மனிதர்தான் அமுக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் நடுவே ஒப்புதல் கேட்டு நிற்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

வீட்டிலோ ஆபீஸிலோ முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு:

1. முதலில் காகிதம். ஒரு வேலை எங்கே தொடங்கி, யார் யார் கையில் போய், எங்கே முடிகிறது என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஒரே தகவல் இரண்டாவது முறை எழுதப்படும் இடத்தில் வட்டம் போடுங்கள்.

2. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் நடப்பதாக, விதி தெளிவாக இருப்பதாக, தவறினால் பெரிய நஷ்டம் வராததாக இருக்கட்டும். லீவு விண்ணப்பம், ஸ்டேஷனரி கேட்பது நல்ல தொடக்கம். சம்பளத்தில் தொடங்காதீர்கள்.

3. எது மூலப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள். மற்றவை எல்லாம் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். யாரும் தனியாகக் காப்பி எடுத்துத் திருத்தக்கூடாது.

4. டைப் செய்வதைக் குறையுங்கள். தேர்வு செய்யும் பட்டியல், கட்டாயக் கேள்வி, எண் மட்டும் ஏற்கும் கட்டம். இவை சாதாரண கூகுள் ஃபார்மிலேயே இருக்கின்றன.

5. இரண்டு வாரம் பழைய நோட்டும் கூடவே ஓடட்டும். தினமும் சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தாத இடத்தில்தான் நீங்கள் மறந்துபோன விதி இருக்கும்.

6. வரவு, பதிவு இரண்டையும் எண்ணுங்கள். 120 பேர் வந்தார்கள் என்றால் 120 வரி விழுந்திருக்கிறதா? இங்கிலாந்தில் நடந்த மாதிரி விடுபட்டால் இந்த ஒரு கேள்வி பிடித்துவிடும்.

7. பொறுப்பாளர் இருவர். செய்தவர் லீவில் போனாலோ வேலையை விட்டாலோ இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். கணக்கு ஒருவரின் சொந்த மெயிலில் இருக்கக்கூடாது, நிறுவன மெயிலில் இருக்கட்டும்.

8. யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று தனித்தனியாக அனுமதி கொடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். போனவர் பெயரை எடுத்துவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஃபார்ம், ஷீட் வரை இலவசமாகவே செய்யலாம். ஆப்களை இணைக்கும் கருவிகளில் பெரும்பாலும் ஒரு இலவசத் திட்டம் இருக்கும், ஆனால் மாதத்துக்கு இத்தனை முறைதான் ஓடும் என்று வரம்பும் இருக்கும். அதைத் தாண்டினால் கட்டணம். சில கருவிகள் ஆள் கணக்கில் வாங்கும், சில ஓடிய தடவைக் கணக்கில் வாங்கும். நம் உதாரண ஆலையில் வாரத்துக்கு 720 பதிவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆக்‌ஷன் என்றாலே மாதம் 5,700-ஐத் தாண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தானாகச் செய்தி அனுப்புவதற்கும் அதன் வணிகச் சேவை வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: நாளைக்கு இந்தக் கருவி வேண்டாம் என்றால், என் பதிவுகளை எக்செல்லாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் யோசியுங்கள்.

ஏஐ வந்துட்டா இதெல்லாம் தேவையா?

இப்போது பல கருவிகளில், என்ன வேண்டும் என்று எழுதினாலே ஏஐ ஒரு மாதிரியை அமைத்துத் தருகிறது. இழுத்து வைக்கும் வேலைகூடக் குறைகிறது. ஆனால் மழை நாள் எடையை எப்படிக் கழிப்பது என்று அதற்கும் நாம்தான் சொல்ல வேண்டும். அது அமைத்துக் கொடுத்ததைச் சரிபார்க்கவும் வேலை தெரிந்தவர்தான் வேண்டும். காகிதத்தில் அம்புக்குறி போடும் முதல் படி, ஏஐ வந்தாலும் மாறாது.

கடைசியாக...

நோ-கோடு கருவி கோடிங்கை மட்டும்தான் எளிதாக்குகிறது. எந்தப் பட்டியல் சரியானது, தவறினால் யார் பதில் சொல்வது, எண்ணுக்கு உரியவர் அதைப் பார்க்க முடியுமா என்பதை எல்லாம் மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்காமல் ஆட்டோமேஷன் செய்தால், தவறு வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

முடிவு எடுத்துவிட்டுச் செய்தால், அதே சனிக்கிழமை சாயங்காலம், அதே வரிசை. அந்தப் பெண்ணின் கையில் நேற்றே கொடுத்த சீட்டு இருக்கும். புதன்கிழமைக்கு நேராக 17 என்று இருக்கும். கவரை எண்ணிப் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.